காமாக் கதிர் வானத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி? ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியிலோ நூலகத்திலோ அறிவியல் மன்றத்திலோ ஃபெர்மி காமாக் கதிர் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி இரண்டு மணி நேர நிகழ்ச்சி நடத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் நாற்பது மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவருக்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சறுக்குகிறார்கள். கருந்துளை, வெடிக்கும் விண்மீன், சுழலும் அனிமேஷன் என்று ஆரம்பிப்பார்கள். மாணவர்களும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். முடிந்தபின் "இந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய கேமராவால்" என்று பதில் வரும். ஃபெர்மியில் லென்ஸ் கிடையாது, குழியாடி கிடையாது. காமா ஃபோட்டான்களை, அதாவது காமாக் கதிரின் ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஆற்றலோடு, எந்த நொடியில் வந்தது என்று குறித்துவைக்கும் கருவி அது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன்மேல் தானாக ஏறி உட்காரும். ஆகவே எண்ணிக்கை முதலில், படம் அதற்குப் பிறகு, கருந்துளைக் கதை கடைசியில்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஆறு மீட்டருக்குச் சற்று நீளமான கயிறு, சார்ட் பேப்பர் நான்கு, சின்ன வட்டமான ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் (ஒரே நிறத்தில்), கிரையான் அல்லது வண்ணப் பென்சில், வெள்ளைத்தாள், அடுத்த பகுதிகளில் சொல்லும் அட்டைகளும் ஃபோட்டான் பட்டியலும்.

புரொஜெக்டரை நம்பி நிகழ்ச்சியை அமைக்காதீர்கள். கரண்ட் போனாலும் நடக்கிற மாதிரி எல்லாவற்றையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். முழு வான வரைபடம் ஒன்றை மட்டும் ஏ3 அளவில் நல்ல தாளில் வண்ணத்தில் எடுங்கள். ஆறு பேருக்கு ஒரு பிரதி என்ற கணக்கு சரியாக இருக்கும்.

நாசாவின் படங்களைக் கல்விக்குப் பயன்படுத்தப் பொதுவாகத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆனால் படத்தின் கீழே நாசா, அமெரிக்க எரிசக்தித் துறை, ஃபெர்மி எல்.ஏ.டி. கூட்டுக்குழு என்று உரியவர்களின் பெயரைப் போடுங்கள். நாசா சின்னத்தை உங்கள் அழைப்பிதழிலோ பேனரிலோ போடக் கூடாது. போட்டால் நிகழ்ச்சியை நாசாவே நடத்துகிறது என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள்.

கலைச்சொற்களுக்கு மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட நடத்தும் நண்பரும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும். ஒரே நிகழ்ச்சியில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வந்தால் மூன்று பொருள் இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

2. தரவை ஒரு வாரம் முன்பே இறக்கிவிடுங்கள்

ஃபெர்மியின் முக்கியக் கருவியான எல்.ஏ.டி. பதிவுசெய்த ஃபோட்டான் தரவு 2009 ஆகஸ்டிலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் இயங்கும் ஃபெர்மி அறிவியல் ஆதரவு மையத்தின் தளத்தில் தரவு கேட்கும் படிவம் இருக்கிறது. பணமும் கட்ட வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். மாணவர்கள் தொடப்போவது விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கு எடுக்கும் அதே தரவு. நிகழ்ச்சியில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிவத்தில் வேலா பல்சரைக் (வேகமாகச் சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீன்) கேளுங்கள். காமா வானத்தில் நிலையாக ஒளிர்பவற்றில் மிகப் பளிச்சென்றது அதுதான், அதனால் குறைந்த தரவிலேயே தெரியும். தேடும் ஆரம் 12 பாகை, காலம் ஒரு வாரம், ஆற்றல் 1000 முதல் 300000 வரை என்று கொடுங்கள்.

ஆற்றல் கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எலக்ட்ரான்வோல்ட் என்பது ஆற்றலின் அலகு. படிவம் அதை மெகா (பத்து லட்சம்) எலக்ட்ரான்வோல்ட்டில், அதாவது எம்.இ.வி.யில் கேட்கிறது. ஒரு ஜி.இ.வி. (ஆயிரம் எம்.இ.வி.) என்று நினைத்து 1 என்று போட்டால் வேண்டாததெல்லாம் வந்து குவியும். ஏன் ஒரு ஜி.இ.வி.க்கு மேலே? ஆற்றல் குறையக் குறைய எல்.ஏ.டி.யால் திசையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. 100 எம்.இ.வி.யில் பல பாகை அளவுக்குச் சிதறும் புள்ளிகள், ஒரு ஜி.இ.வி.யில் ஏறத்தாழ ஒரு பாகைக்குள் அடங்கிவிடும். சார்ட்டில் குவியல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் இது அவசியம்.

வரும் கோப்பு ஃபிட்ஸ் என்ற வானியல் தரவு வடிவத்தில் இருக்கும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் அதன் ஆஸ்ட்ரோபை நிரல்தொகுப்பில் திறக்கலாம். தெரியாதவர்கள் டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறந்து, சாதாரண அட்டவணையாகச் சேமித்துக்கொள்ளலாம். அதில் செய்ய வேண்டியவை மூன்று.

முதலில், உச்சிக்கோணம் (ZENITH_ANGLE என்ற பத்தி) 90 பாகைக்குக் குறைவாக உள்ள வரிசைகளை மட்டும் வையுங்கள். காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டமுள்ள துகள்கள்) நம் வளிமண்டலத்தில் மோதும்போது பூமியின் விளிம்பும் காமாவில் பலமாக ஒளிர்கிறது. அதை வெட்டாவிட்டால் வானத்தோடு பூமியும் கலந்துவிடும்.

அடுத்து, பூமியின் நடுக்கோட்டை வைத்து அளந்த ஆர்.ஏ., டெக் என்ற பத்திகளை விட்டுவிட்டு எல், பி என்ற பத்திகளை எடுங்கள். இவை பால்வெளியின் தளத்தை நடுக்கோடாக வைத்து அளந்த தீர்க்கமும் அட்சமும். வேலா இருப்பது எல் 263.6, பி மைனஸ் 2.8. நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் சதுரக் கட்டத்தில் வரைந்தாலும் உருவம் கோணாது. ஆர்.ஏ., டெக்கில் வரைந்தால் அதே இடம் மைனஸ் 45 பாகையில் வரும். கட்டங்கள் நசுங்கிப்போகும், அதை விளக்கவே கால் மணி நேரம் போய்விடும்.

கடைசியாக, எல் 256 முதல் 271 வரை, பி மைனஸ் 10 முதல் பிளஸ் 5 வரை உள்ள சதுரத்துக்குள் விழும் ஃபோட்டான்களில் முதல் 120ஐ எடுத்து, சீட்டுக்கு மூன்றாக நாற்பது சீட்டில் அச்சிடுங்கள். ஆற்றலையும் நேரத்தையும் சேர்த்தே போடுங்கள். நேரம் 2001 ஜனவரி 1 தொடங்கி நொடிக்கணக்கில் இருக்கும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து யாராவது கட்டாயம் கேள்வி கேட்பார்கள்.

அப்புறம், இரண்டாவது தொகுப்பு ஒன்றும் வேண்டும். பால்வெளித் தளத்துக்கு அருகிலேயே, பளிச்சென்ற மூலம் இல்லாத, இதே அளவு சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீங்களே கணினியில் வரைந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கே 120 ஃபோட்டான் சேர அதிக நாள் தரவு தேவைப்படும். இருந்தாலும் எண்ணிக்கையைச் சமமாக வையுங்கள். இரண்டாவது சார்ட்டில் பொட்டுகள் குறைவாக இருந்தால் பிள்ளைகள் அந்தக் குறைவைத்தான் பார்ப்பார்கள், குவியல் இல்லாததைக் கவனிக்க மாட்டார்கள். எத்தனை நாள் தரவு என்பதைச் சார்ட்டின் பின்புறம் எழுதிவையுங்கள், பிறகு தேவைப்படும்.

3. வந்து உட்கார்ந்ததும் வரையச் சொல்லுங்கள்

எந்த அறிமுகமும் தருவதற்கு முன் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "காமாக் கதிர்களைப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை வரையுங்கள்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பெயர் வேண்டாம், ஓர் அடையாள எண் மட்டும்.

நீளக் குழாய், முனையில் லென்ஸ், பக்கத்தில் ஒருவர் கண்ணை வைத்துப் பார்ப்பது என்றுதான் பெரும்பாலும் வரும். திருத்தாதீர்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் முடிவில் இதே கேள்வியைத் திரும்பக் கேட்கப்போகிறீர்கள். நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். "நிகழ்ச்சி பிடித்திருந்ததா?" என்று கேட்கும் படிவத்தில் எல்லோரும் "ஆம்" என்றுதான் எழுதுவார்கள்.

4. பயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்

காமாக் கதிர் என்றதும் புற்றுநோய், அணுகுண்டு, அணு உலை ஆகியவைதான் நினைவுக்கு வரும். வீட்டில் யாராவது கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஆகவே இந்தப் பேச்சை ஒத்திப்போடாதீர்கள், விளையாட்டாகவும் எடுக்காதீர்கள்.

வானிலிருந்து வரும் காமாக் கதிர் நேராகத் தரைக்கு வருவதில்லை. நம் தலைக்கு மேலே உள்ள காற்றின் மொத்த எடை, 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். காமா ஃபோட்டான் அதைத் தாண்டி வர முடியாமல் மேலேயே மோதி அழிந்துவிடுகிறது. நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் வானியலாளருக்கு அதுவே தடை, அதனால்தான் கருவியை 500 கிலோமீட்டருக்கு மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பயத்துக்கான பதிலே தொலைநோக்கி ஏன் விண்வெளியில் இருக்கிறது என்பதற்கும் பதிலாகிவிடும்.

எக்காரணத்தாலும் கதிரியக்கப் பொருள் எதையும் செய்முறைக்குக் கொண்டுவராதீர்கள். இந்த நிகழ்ச்சிக்கு அது தேவையே இல்லை.

5. ஆறு மீட்டர் கயிறு

கயிற்றில் அரை மீட்டர் இடைவெளியில் பதின்மூன்று முடிச்சு போடுங்கள். முதல் முடிச்சு ஓர் எலக்ட்ரான்வோல்ட். ஒவ்வொரு முடிச்சும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. கடைசி முடிச்சு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட். முடிச்சுக்கு ஒருவராகப் பதின்மூன்று பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லா நிறமும் முதல் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே ஒரு சாணுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு வண்ண ரிப்பன் கட்டுங்கள். மருத்துவமனை எக்ஸ்ரே ஐந்தாவது முடிச்சுக்குச் சற்று அப்பால். சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட் 60 தரும் காமா ஏழாவது முடிச்சை ஒட்டி. எல்.ஏ.டி. எட்டாவது முடிச்சைத் தாண்டி, 20 எம்.இ.வி.யில் தொடங்கி, பன்னிரண்டாவது முடிச்சைத் தாண்டிப் போகிறது. கயிற்றில் இரண்டு மீட்டருக்கு மேல்.

ஃபெர்மியின் இன்னொரு கருவியான ஜி.பி.எம்., ஐந்தாவது முடிச்சுக்குச் சற்று முன்பிருந்து எட்டாவதைத் தாண்டும் வரை பார்க்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும். ஒரே வெடிப்பை இரண்டு கருவியும் பிடித்தால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறது என்பதற்கு அந்தப் படிந்த பகுதியைக் கையால் காட்டுங்கள்.

கயிற்றுக்குப் பதிலாக நிறமாலைப் படத்தைத் திரையில் காட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தப் படங்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பெரிய இடம் ஒதுக்கி வண்ணவண்ணமாகப் போட்டிருப்பார்கள். காமா ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமாக இருக்கும். கயிற்றில் அந்த விகிதம் உடம்புக்கே தெரிகிறது.

6. பிடிக்கும் விதம்: அட்டை விளையாட்டு

முழு நிகழ்ச்சியிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கரும்பலகையில் எல்.ஏ.டி.யின் பக்கவாட்டுத் தோற்றத்தை மூன்று அடுக்காக வரையுங்கள். மேலே போர்வைபோல ஒரு காவல் அடுக்கு. மின்னூட்டமுள்ள துகள் பட்டால் சிமிட்டும் பிளாஸ்டிக் ஓடுகள், மொத்தம் 89. நடுவே டங்ஸ்டன் தகடும் சிலிக்கான் உணர்பட்டையும் மாறிமாறி வரும் தடம்காட்டி. கீழே ஆற்றலை அளக்கும் சீசியம் அயோடைடு படிகங்கள். மேலிருந்து பார்த்தால் நான்குக்கு நான்காகப் பதினாறு கோபுரங்கள். இவ்வளவும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மிக்சிக்கு வேண்டிய மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

காமா ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லை. காவல் அடுக்கை அது சத்தமில்லாமல் கடந்துவிடும். டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது அது மறைந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கின்றன. இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு. சிலிக்கானில் தடம் பதியும். அந்தத் தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் ஃபோட்டான் வந்த திசை. படிகத்தில் இரண்டும் கொட்டும் மொத்த ஆற்றல், ஃபோட்டானின் ஆற்றல். ஆற்றல் பருப்பொருளாக மாறும் இந்த இடத்தில் மாணவர்கள் நின்று கேட்பார்கள். அவசரப்படாதீர்கள், பாசிட்ரான் எதிர்ப்பொருள் என்பதையும், மருத்துவமனையின் பெட் ஸ்கேனில் அதே பாசிட்ரான்தான் வேலைசெய்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

சரி, இப்போது அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே காவல் கோடு, நடுவே ஆறு கிடைக்கோடுகள், கீழே கட்டங்கள். பட்ட இடங்களில் மட்டும் புள்ளிகள். குழுவுக்கு முப்பது அட்டை கொடுத்து, எவை காமா என்று பிரிக்கச் சொல்லுங்கள். நான்கு வகை அட்டை வேண்டும்.

காவல் ஓட்டில் ஒரு புள்ளி, அதற்கு நேர்கீழே ஒரே கோடாகத் தடம்: காஸ்மிக் கதிர். தள்ளிவிட வேண்டும். முப்பதில் இருபத்தைந்து இந்த வகையாக இருக்கட்டும். உண்மையில் ஒரு காமாவுக்கு ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் இப்படிப்பட்ட துகள்கள் வருகின்றன. பிடிப்பதைவிடத் தள்ளுவதே கருவிக்குப் பெரிய வேலை என்பது இந்த இருபத்தைந்து அட்டையைப் புரட்டும்போது விளங்கும்.

காவலில் ஒன்றுமில்லை, நடுவில் ஓரிடத்தில் தொடங்கிக் கவட்டைபோலப் பிரியும் தடம்: காமா. இரண்டு அட்டை.

காவலில் ஒன்றுமில்லை, தடமும் நன்றாக இருக்கிறது, ஆனால் திசை பூமியின் விளிம்பைக் காட்டுகிறது: இதுவும் காமாதான், நாம் தேடும் வானத்துடையது இல்லை. தரவை இறக்கும்போது உச்சிக்கோணத்தை வெட்டினோமே, அது இதற்காக. இரண்டு அட்டை.

கடைசி அட்டைதான் சிக்கலானது. கவட்டைத் தடம், கீழே படிகங்களில் ஏராளமான ஆற்றல், ஆனால் காவலிலும் தடத்துக்குத் தொலைவில் ஓர் ஓட்டில் புள்ளி. பெரும்பாலான குழுக்கள் இதைத் தள்ளிவிடும். விட்டுவிட்டு, பிறகு விவாதியுங்கள். மிகுந்த ஆற்றலோடு வரும் ஃபோட்டான் படிகத்தில் மோதும்போது சில துகள்கள் மேல்நோக்கித் தெறித்துக் காவல் ஓட்டைத் தட்டிவிடும். 1991 முதல் 2000 வரை பறந்த காம்ப்டன் விண்கலத்தின் எக்ரெட் கருவியில் காவல் அடுக்கு ஒரே மூடியாக இருந்தது. இப்படித் தெறித்ததால் அது நல்ல ஃபோட்டான்களையே தள்ளிவிட்டது. எல்.ஏ.டி.யில் காவலைத் துண்டுதுண்டாக ஓடுகளாக்கியது இதனால்தான். தடத்துக்கு நேரே உள்ள ஓடு சிமிட்டியதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு பொறியியல் முடிவின் காரணத்தை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிற இடம் இது. விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது வீணாகிவிடும்.

7. பொட்டு ஒட்டி வானத்தை வரைவது

சார்ட்டில் 3.5 சென்டிமீட்டர் கட்டங்கள் பதினைந்துக்குப் பதினைந்து. ஒரு கட்டம் ஒரு பாகை. எல் எண்களை வலமிருந்து இடமாக எழுதுங்கள். வான வரைபடங்களில் அதுதான் வழக்கம், ஏனென்றால் நாம் வானத்தை உள்ளிருந்து பார்க்கிறோம். இடமிருந்து வலமாக எழுதினால் பிறகு காட்டும் அசல் படத்துக்கு இது கண்ணாடிப் பிம்பமாக வந்து நிற்கும். இதில் தடுமாறாத புதியவரைப் பார்ப்பது அரிது.

ஆளுக்கு ஒரு சீட்டு, மூன்று பொட்டு. "இந்த மூன்று ஃபோட்டானும் உங்களுடையவை" என்று சொல்லிக் கொடுங்கள். வரிசையாக வந்து ஒட்டட்டும். முதல் பத்துப் பேர் ஒட்டும்வரை ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் நிறுத்தி, "இங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, கையைத் தூக்கச் சொல்லுங்கள். இருபது பேரானதும் திரும்பக் கேளுங்கள். நாற்பது பேரும் ஒட்டி முடித்ததும் மூன்றாவது முறை. 263, மைனஸ் 3 கட்டத்தைச் சுற்றிக் குவியல் எழுந்து நிற்கும்.

இரண்டாவது சதுரத்தை நேரம் இருந்தால் அவர்களே ஒட்டட்டும், இல்லையென்றால் நீங்கள் முன்பே ஒட்டிக் கொண்டுவரலாம். இரண்டையும் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டாவதிலும் அங்கங்கே மூன்று நான்கு பொட்டு சேர்ந்திருக்கும். "இதுவும் விண்மீனா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். தற்செயலாகவும் பொட்டுகள் சேரும். எத்தனை சேர்ந்தால் தற்செயல் இல்லை என்று சொல்லலாம்? சராசரியாகக் கட்டத்துக்கு நான்கு விழும் இடத்தில் ஆறு விழுவது சாதாரணம், பதினாறு விழுந்தால் கவனிக்க வேண்டும். ஃபெர்மி கண்ட காமா மூலங்களின் பட்டியலிலும் இப்படி ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டியவற்றை மட்டுமே சேர்க்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வர்க்கமூலக் கணக்கைச் சொல்லலாம். எட்டாம் வகுப்புக்கு இந்தக் கேள்வியே போதும்.

இப்போது சார்ட்டைத் திருப்பி எத்தனை நாள் தரவு என்று காட்டுங்கள். அதே 120 ஃபோட்டானுக்கு ஓர் இடத்தில் குறைந்த நேரமே ஆனது, இன்னோர் இடத்தில் அதிக நேரம் ஆனது. பிரகாசம் என்றால் காமா வானியலில் என்ன அர்த்தம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

8. நிறம் எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள பொட்டுகளை எண்ணி வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு குழுவுக்கு ஒரு வண்ண விதி: பூஜ்யம் என்றால் கருப்பு, ஒன்று இரண்டு என்றால் நீலம், இப்படி. விதியை ஒவ்வொரு குழுவும் தானே முடிவுசெய்யட்டும். ஒரே தரவிலிருந்து ஆறு வேறு படங்கள் வரும். அசல் ஃபெர்மி படத்தில் ஏன் நீலமும் மஞ்சளும் இருக்கிறது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

9. இப்போது முழு வானம்

ஏ3 படத்தை இப்போதுதான் கொடுக்க வேண்டும். முதலில் அவர்களே வேலாவைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

நடுவே கிடையாக ஓடும் பளிச்சென்ற பட்டை பால்வெளி. காஸ்மிக் கதிர்கள் விண்மீன்களுக்கிடையே உள்ள வாயுவில் மோதுவதால் அந்தப் பட்டை ஒளிர்கிறது. பட்டையின் மேலும் கீழும் சிதறிக் கிடக்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் திரள்கள். அவற்றின் நடுவே உள்ள பெருங்கருந்துளைகளிலிருந்து நம் பக்கமாகப் பீய்ச்சும் தாரைகள். நீங்கள் ஆசையோடு காத்திருந்த கருந்துளை இங்கே வருகிறது, கேட்பவர்களும் தயாராக இருப்பார்கள்.

கதைகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்து நன்றாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கொட்டினால் ஒன்றும் நிற்காது. என் விருப்பம் இவை.

பல்சர்: வேலா நொடிக்குப் பதினொரு முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், நண்டு நெபுலாவில் உள்ளது நொடிக்கு முப்பது முறை. மேசையில் நொடிக்குப் பதினொரு தட்டு தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், முடியாது. சீட்டில் இருந்த நேர எண் எதற்கு என்று அப்போது சொல்லுங்கள்: ஃபோட்டான் வந்த நேரங்களைச் சுழற்சிக் காலத்தால் மடித்து அடுக்கினால் துடிப்பு வெளிப்படுகிறது.

2017 ஆகஸ்ட் 17: இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலை பூமியை வந்தடைந்தது. அதற்கு 1.7 நொடி கழித்து ஜி.பி.எம். ஒரு சிறிய காமா வெடிப்பைப் பதிவுசெய்தது. இரண்டும் என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் திரளிலிருந்து சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணம்செய்து வந்தவை. அவ்வளவு நீண்ட ஓட்டத்தில் 1.7 நொடி வித்தியாசம் என்றால் ஈர்ப்பு அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகிறது. இந்த முடிவைப் பிள்ளைகளே சொல்ல இடம் விடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் விண்மீன் கூட்டம் வரையலாம். ஃபெர்மியின் பத்தாவது ஆண்டையொட்டி 2018இல் ஃபெர்மி குழு காமா வானத்துக்கு 21 புதிய உருவங்களை அமைத்தது. சாட்டர்ன் 5 ராக்கெட், ஜப்பானின் ஃபூஜி மலை, சுவீடனின் வாசா கப்பல் எல்லாம் அதில் உண்டு. அதிகாரப்பூர்வமான விண்மீன் கூட்டங்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, உங்கள் மாணவர்களின் உருவங்களையும் அதே புள்ளிகளில் வரையச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் அதிகமாக வந்திருந்தால் இதையே பெரிய பகுதியாக்கலாம்.

10. கட்டாயம் வரும் கேள்விகள்

"அது நம் தலைக்கு மேலே வருமா?" வரும். ஃபெர்மியின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 25.6 பாகை சாய்ந்தது. தமிழ்நாடும் இலங்கையும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. செயற்கைக்கோள் பின்தொடரும் செயலிகளில் 33053 என்ற எண்ணைப் போட்டால் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும். பூமியைச் சுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. 2018 வரை இரண்டு சுற்றில் முழு வானத்தையும் பார்த்துவிட்டது.

"சூரியன் எப்படித் தெரியும்?" அமைதியாக இருக்கும் சூரியனைவிட நிலா பளிச்சென்று தெரியும். நிலாவின் தரையில் காஸ்மிக் கதிர்கள் நேராக மோதுகின்றன. தடுக்க அங்கே காந்தப்புலப் போர்வை இல்லை.

"பூமியிலிருந்து காமா வருமா?" இடிமேகங்களிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கணக்கில் வரும் காமா மின்னல்களை ஜி.பி.எம். பிடிக்கிறது.

"இன்னும் வேலைசெய்கிறதா?" 2008 ஜூன் 11இல் ஐந்தாண்டுப் பணிக்காகப் போனது, பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் தரவு அனுப்பியது. 2018இல் ஒரு சூரியத்தகட்டின் சுழலி சிக்கிக்கொண்டது; வானத்தைப் பார்க்கும் முறையை மாற்றியமைத்துத் தொடர்ந்தார்கள்.

கரும்பொருளை (ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) கண்டுபிடித்தார்களா என்று கேட்டால், தேடுகிறார்கள், உறுதியான விடை கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். விடை இல்லாத கேள்வியைக் கண்டு சங்கடப்பட வேண்டாம்.

11. திரும்ப வரையச் சொல்லி, படங்களை ஒப்பிடுங்கள்

கலைவதற்கு முன் பழைய கேள்வி, புதிய தாள், அதே அடையாள எண். வீட்டுக்குப் போய் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லென்ஸ் போய் அடுக்குகள் வந்திருந்தால் ஆறாவது படி வேலைசெய்திருக்கிறது. அடுக்குகளோடு லென்ஸும் இருந்தால் அட்டை விளையாட்டுக்கு நேரம் போதவில்லை. அடுக்குகள் சரி, ஆனால் கருவி மலைமேல் நிற்கிறது என்றால் நான்காவது படியை இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

12. ஆசிரியர்களுக்கு நடத்துவது

பத்துப் பள்ளிக்கு நீங்களே போவதைவிடப் பத்து ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டுவது நல்லது. ஃபெர்மி திட்டத்தின் கல்விப் பணியைக் கலிபோர்னியாவின் சொனோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லின் காமின்ஸ்கி தலைமையிலான குழு நடத்தியபோது இந்த வழியைத்தான் எடுத்தது: தேர்ந்தெடுத்த ஆசிரியர்களைத் தூதுவர்களாகப் பயிற்றுவித்து, அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஆசிரியர்களுக்கு நடத்தும்போது சொற்பொழிவாக மாற்றிவிடாதீர்கள். அவர்களும் கயிற்றைப் பிடிக்க வேண்டும், முப்பது அட்டையைப் பிரிக்க வேண்டும், பொட்டு ஒட்ட வேண்டும். குறிப்பாக அந்தச் சிக்கலான அட்டையை அவர்களும் ஒருமுறை தள்ளிவிட்டு, ஏன் தள்ளினோம் என்று பேசியிருந்தால்தான் வகுப்பில் மாணவர்கள் தள்ளும்போது அவசரப்பட்டுத் திருத்த மாட்டார்கள்.

போகும்போது கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை: அட்டைகளின் அச்சுப்பிரதி, ஃபோட்டான் சீட்டுகள், இரண்டு சதுரத்தின் அட்டவணைக் கோப்பு, தரவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று எழுதிய ஒரு பக்கத் தாள். ஆற்றல் எம்.இ.வி.யில் என்பதைச் சிவப்பில் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.